தீக்குச்சியும் தொழிலாளர் சங்கமும்

விளக்கேற்றவும் அடுப்பு மூட்டவும் நாம் நாள்தோறும் கையாளும் சிறு பொருள் தீப்பெட்டி. அதனைக் கையிலெடுத்துச் சற்றே உற்று நோக்குங்கள். பெட்டியின் இருபுறமும் கருஞ்சிவப்பான பூச்சு ஒன்று உண்டு. குச்சியின் தலையில் மருந்து உண்டு. குச்சியைச் சுவரில் உரசினால் தீப்பற்றுவதில்லை. பெட்டியின் பக்கத்தில் உரசினால் உடனே பற்றுகிறது. குச்சிக்குரிய மருந்தில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துப் பெட்டியிற் பூசியது ஏன் என்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வினாவிற்கு விடை தேடிப் புறப்பட்டால், அது நம்மை ஓர் அந்நிய நகரத்தின் ஆலை வாயிலுக்கும், அங்கிருந்து சென்னைப் பெரம்பூருக்கும் அழைத்துச் செல்லும்.

பழங்காலத்தில் நம் முன்னோர் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டியும், அண்டை வீட்டுக் கங்கினைக் கடன் வாங்கியும் தீ மூட்டினர். 1830ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவில் ஒரு புதுவகைத் தீக்குச்சி தோன்றியது. அதன் தலையில் வெண்பாஸ்வரம் என்னும் பொருள் சேர்க்கப்பட்டிருந்தது. இன்று நாம் பாஸ்பரஸ் என வழங்குவதன் ஒரு வகையே அது. சிறிது சூடு பட்டாலும் தானே பற்றிக்கொள்ளும் இயல்பினதாதலின் அதனை நீருக்குள் இட்டே பாதுகாப்பர். இருளில் மெல்லிய ஒளி வீசும். அதனைக் கொண்டு செய்த குச்சியைச் சுவர், செருப்பு, கல் ஆகிய எதில் உரசினாலும் தீ பிறக்கும். வாங்கியவர் மகிழ்ந்தனர், ஆலைகள் பெருகின, விலையும் மலிந்தது.

ஆனால் அக்குச்சியைச் செய்தவர் நிலை யாது? பசை போன்ற மருந்துக் குழம்பைக் காய்ச்சி, குச்சிகளின் நுனியை அதில் தோய்த்து, உலர்த்தி, வெட்டிப் பெட்டியிலடுக்கும் வேலை முழுவதும் பாஸ்வரப் புகையினிடையே நடைபெற்றது. அப்புகையைப் பல மாதம், பல ஆண்டு சுவாசித்தவர்க்கு முதலிற் பல்வலி தோன்றும். பின்னர் ஈறு வீங்கும்; பல் உதிரும்; தாடை எலும்பே அழுகிச் சீழ் வடியும். அந்நாற்றத்தைப் பொறுக்கலாற்றாது வீட்டாரும் விலகி நிற்பர். நோய் முற்றினால் தாடையை அறுத்தெடுப்பதன்றி வேறு வழி இல்லை. அறுத்தும் பிழையாதார் பலர். ஆங்கிலத் தொழிலாளர் இதனைப் 'பாஸ்ஸித் தாடை' என்று தம் பேச்சு வழக்கில் அழைத்தனர். பல்வலி என்று வாய் திறந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி நோயை மறைத்தவரும் உண்டு.

மருத்துவர்கள் இந்நோயை அறியாதிருந்தனர் என்று கூற இயலாது. 1840க்குப் பிந்திய ஆண்டுகளிலேயே வியன்னா முதலிய நகரங்களின் மருத்துவர் இதனை ஆராய்ந்து எழுதினர். மாற்று வழி இல்லை என்றும் கூற இயலாது. வெண்பாஸ்வரத்தைக் காற்றுப் புகாவண்ணம் சூடேற்றினால் செம்பாஸ்வரம் ஆகும் என்பதை ஆஸ்திரிய அறிஞர் ஷ்ரோட்டர் கண்டறிந்து கூறினார். செம்பாஸ்வரம் அவ்வாறு நஞ்சாவதில்லை. சுவீடன் நாட்டு லண்ட்ஸ்ட்ரோம் உடன்பிறப்பாளர் அதனைப் பெட்டியின் பக்கத்திற் பூசி, ஏனைய மருந்தைக் குச்சியின் தலையில் வைத்துச் செய்த தீப்பெட்டி 1855ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் பரிசு பெற்றது. நம் கையிலுள்ள பெட்டி அதன் வழிவந்ததே.

நோயும் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. எனினும் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக வெண்பாஸ்வரக் குச்சி ஆலைகளிலிருந்து வெளிவந்துகொண்டே இருந்தது. முதலாளிகள் அனைவரும் கொடியவர் என்று சொல்லிவிட்டால் விடை எளிதாகிவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று. எங்கும் உரசத்தக்க குச்சியையே மக்கள் விரும்பி வாங்கினர். அது மலிவாகவும் இருந்தது. நல்லெண்ணமுடைய ஒருவர் தம் ஆலையில் மட்டும் செம்பாஸ்வரத்திற்கு மாறினால், அடுத்த ஆலைக்காரர் பழைய குச்சியைக் குறைந்த விலைக்கு விற்று அவரைச் சந்தையிலிருந்தே விரட்டிவிடுவார். இதற்குச் சான்று வேண்டின், 1891ஆம் ஆண்டில் இலண்டனில் இரட்சணிய சேனையார் செம்பாஸ்வரத்தைக் கொண்டு தீக்குச்சி ஆலை ஒன்று தொடங்கி, கூலியும் கூட்டிக் கொடுத்த வரலாற்றைக் கூறலாம். அவர்தம் குச்சி விலை மிகுந்திருந்தது. சில ஆண்டுகளில் ஆலையை விட்டுவிட நேர்ந்தது. ஒருவர் மட்டும் நல்லவராயிருப்பது போதவில்லை. எல்லாரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் விதி ஒன்று வேண்டியிருந்தது. அவ்விதியைக் கேட்பவர் யார் என்பதே வினா.

கிழக்கு இலண்டனில் பௌ என்னும் பகுதியில் பிரையண்ட் – மே என்னும் குழுமத்தாரின் தீக்குச்சி ஆலை இருந்தது. அங்கு வேலை செய்தவருட் பெரும்பாலோர் பெண்கள். அவருள்ளும் பலர் உங்கள் வயதினர், அல்லது உங்களிலும் சிறிது மூத்தவர். 1888ஆம் ஆண்டு ஜூன் மாதம் அன்னி பெசண்டு அம்மையார் அப்பெண்களிற் சிலரைச் சந்தித்து, அவர்கள் கூறியவற்றைத் தாம் நடத்திய சிறு பத்திரிகையில் எழுதினார். பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் வாரக் கூலி நான்கு ஷில்லிங். அதிற் பாதி அறை வாடகைக்கே போயிற்று. அக்கூலியிலும் தண்டம் பிடித்தனர். கால் அழுக்காயிருந்தால் மூன்று பென்னி. எரிந்த குச்சியை மேசை மேல் வைத்தால் ஒரு ஷில்லிங். பன்னிரண்டு பென்னி கொண்டது ஒரு ஷில்லிங். ஆகவே, கருகிய ஒரு குச்சிக்காக ஒரு வாரக் கூலியில் நாலில் ஒரு பங்கு போய்விடும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் காணலாம். அதே ஆண்டுகளில் பங்குதாரர்கள் நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஆதாயம் பெற்றனர்.

அம்மையார் எழுதியதை மறுத்து ஒரு தாளில் கையொப்பமிடுமாறு பெண்கள் வற்புறுத்தப்பட்டனர். அவர்கள் இடவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் அவருள் ஒருத்தி வேலையினின்று நீக்கப்பட்டாள். அதனைக் கண்டு ஏனையோர் கருவிகளை வைத்துவிட்டு எழுந்தனர். சில நாட்களில் ஏறத்தாழ 1,400 பேர் ஆலையை விட்டு வெளியேறினர். வேலைநிறுத்தம் செய்யுமாறு அம்மையார் தூண்டினார் என்று பலர் எண்ணுவர், அது பிழை. அக்குச்சிகளை வாங்காதிருக்குமாறு மக்களை வேண்டியதே அவர் செய்தது. வெளியேறும் முடிவைத் தாமே எடுத்த பெண்கள் இருநூற்றுவர் அளவில் அவர் அலுவலகம் நோக்கி நடந்து சென்று, பின்னரே துணை வேண்டினர். அவர்களிடம் சேமிப்பு இல்லை, வழிவழிவந்த சங்கம் இல்லை, வாக்குரிமையும் இல்லை. அம்மையாரும் நண்பரும் நிதி திரட்டினர். இலண்டன் தொழிற்சங்கப் பேரவையினர் நடுநின்று பேசினர். இரு வாரங்களில் உடன்பாடு ஏற்பட்டது. தண்டங்கள் ஒழிக்கப்பட்டன, நீக்கப்பட்டோர் மீண்டும் சேர்க்கப்பட்டனர், உணவு உண்பதற்குத் தனியறை அளிக்க ஒப்பினர். அம்மாத இறுதியில் தீக்குச்சி செய்யும் பெண்களின் சங்கம் முறையாகத் தோன்றிற்று. அம்மையாரே அதன் முதற் செயலாளர்.

உணவறை என்பதைச் சிறு செய்தியாக எண்ணிவிடாதீர்கள். அதுவரை அவர்கள் வேலை செய்த இடத்திலேயே ரொட்டியை வைத்து உண்டனர். காற்றில் மிதந்த நஞ்சு உணவிலும் கையிலும் படிந்து வாய்க்குள் சென்றது. தமக்கு எது தீங்கு செய்கிறது என்பதை நூல் கற்ற அறிஞரைக் காட்டிலும், அங்கேயே இருந்து உண்டவர் நன்கறிவர். தொழிலாளர் சங்கம் கேட்கும் பொருள்கள் சில வேளைகளில் நமக்கு அற்பமாகத் தோன்றுவது இதனாலேயே. ஓர் அறை, ஒரு குவளை நீர், பத்து நிமிட ஓய்வு என்பன வெளியே நிற்பவர்க்கு விளங்குவதில்லை.

இவ்வேலைநிறுத்தத்தால் வெண்பாஸ்வரம் ஒழிந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும். நோயுற்றவரைப் பற்றி அரசாங்கத்திற்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்த பின்னும், அவ்வாறு அறிவியாமைக்காக அதே குழுமத்தார் 1898ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் தண்டம் செலுத்த நேர்ந்தது. ஆயினும் 1888க்குப் பின் அவ்வாலையின் கதவுக்குள் நடப்பது உலகத்தின் கண்ணுக்கு மறைவானதாக இல்லை. 1901ஆம் ஆண்டில் அக்குழுமத்தார் வெண்பாஸ்வரத்தைக் கைவிட்டனர். 1906ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் ஏழு கூடி, வெண்பாஸ்வரக் குச்சியைச் செய்வதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் கூடாதென உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரு நாடு மட்டும் தடுத்தால் அயல்நாட்டு மலிவுச் சரக்கு உள்ளே புகுந்துவிடும் என்பதை உணர்ந்தே பல நாடுகள் ஒருங்கு கூடின. இங்கிலாந்து முதலில் அதிற் சேரவில்லை; பின்னர் 1908ஆம் ஆண்டில் தடைச் சட்டம் இயற்றிற்று. நம் நாட்டில் 1913ஆம் ஆண்டில் வெண்பாஸ்வரத் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது.

இவ்விடத்தில் நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து தம் ஊரில் அதனைத் தொடங்கியது 1923ஆம் ஆண்டளவில். அதற்குப் பத்தாண்டு முன்பே தடை வந்துவிட்டது. சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவிற்பட்டியிலும் தீப்பெட்டி செய்து வாழ்ந்த பல்லாயிரவரை அத்தாடை நோய் தீண்டவில்லையெனின், அவர்கள் பெயரும் கேட்டறியாத இலண்டன் பெண்களுக்கும் அதில் ஒரு பங்குண்டு.

அன்னி பெசண்டு அம்மையார் 1893ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தார். பின்னர்ச் சென்னை அடையாற்றில் தங்கிப் பத்திரிகை நடத்தினார். அப்பத்திரிகையில் அவர்க்குத் துணையாயிருந்தவர் பி. பி. வாடியா. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் பெரிய நெசவாலைகள் இருந்தன. அவற்றின் தொழிலாளர் படும் பாட்டை நாள்தோறும் கண்ட செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் இருவர் வாடியாவிடம் சென்று முறையிட்டனர். அக்காலச் சட்டப்படி நெசவாலைத் தொழிலாளியை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம். இடையில் அரை மணி ஓய்வு தந்தாற் போதும். அந்த அரை மணிக்குள் ஆயிரக்கணக்கானோர் கைகழுவி, உண்டு, திரும்ப வேண்டும். அவர்களின் முறையீடுகளுள் முதன்மையானது இந்நேரம் போதவில்லை என்பதே. மீண்டும் உணவைப் பற்றிய கேள்விதான்!

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. முறையாக உறுப்பினரைப் பதிவு செய்து சந்தா பெற்று நடந்த சங்கங்களுள் இந்தியாவில் இதுவே முதலாவது என்பர். வாடியா தலைவர். துணைத் தலைவருள் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தரனார். அவர் அதற்குச் சிறிது முன்னர் வரை சென்னை வெஸ்லியில் தமிழாசிரியர். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்த நாவினால் அவர் ஆலைத் தொழிலாளர் நடுவே தூய தமிழிற் பேசினார்; அவர்களும் கேட்டனர். படித்தவர் மொழி உழைப்பவர்க்கு விளங்காது என்று கூறுவாரை என் பணிக்காலத்திற் பலமுறை கேட்டிருக்கின்றேன். அவர்க்கு நான் கூறும் விடை பெரம்பூர்க் கூட்டங்களே.

இச்சங்கத்திற்கு வந்த இடையூறும் அறியத்தக்கது. 1920ஆம் ஆண்டு இறுதியில் ஆலையில் பூசல் மூண்டு கதவடைப்பு நிகழ்ந்தது. தொழிலாளர் தம் வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தூண்டியதாக வாடியா முதலியோர் மீது ஆலையார் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். நட்ட ஈடும் கேட்டனர். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சங்கம் நடத்துவதே வழக்கிற்குரிய குற்றமாகக் கருதப்படும் நிலை அன்று இருந்தது. வாடியா தொழிலாளர் இயக்கத்தினின்று விலகிக்கொள்வது என்னும் நிபந்தனையின் பேரில் வழக்குக் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு நிகழ்ந்த நீண்ட வேலைநிறுத்தமோ தோல்வியில் முடிந்தது. தொழிலாளர்க்குள்ளேயே சாதி வேற்றுமை புகுந்து, ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்தவர் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர். இதனை எழுத மனம் கூசுகின்றது. எனினும் நடந்தது நடந்ததே.

தோல்வியிலும் ஒரு விதை விழுந்தது. வாடியா மீது வந்த வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. 1921ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் என். எம். ஜோஷி என்பார் மத்திய சட்டசபையில், தொழிற்சங்கங்களைப் பதிவு செய்து காக்கும் சட்டம் வேண்டும் எனத் தீர்மானம் கொணர்ந்தார். ஐந்தாண்டு கழித்து, 1926ஆம் ஆண்டில், தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பதிவு செய்த சங்கத்தார் வேலைநிறுத்தம் குறித்துத் தொழிலாளர்க்கு அறிவுரை கூறியதற்காக மட்டும் அவர்மீது அத்தகைய வழக்குத் தொடுக்க இயலாது என்று அது வகுத்தது.

ஆலைகளின் பாதுகாப்புச் சட்டமும் படிப்படியாகவே வளர்ந்தது. 1881ஆம் ஆண்டு முதற் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டுமே ஆலையிற் சேர்க்கலாகாது என்றது. எட்டு வயதுக் குழந்தை சேரலாம். ஒன்பது மணி நேரம் உழைக்கலாம். பல திருத்தங்களுக்குப் பின், நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி நேரமே வேலை; பதினான்கு வயது நிரம்பாதாரைச் சேர்க்கலாகாது; சுழலும் பொறிக்கு வேலி வேண்டும்; நச்சுப் புகையை வெளியேற்ற வேண்டும்; குடிநீரும் உணவறையும் வேண்டும் என அது விரிவாக வகுத்தது. பல்லாண்டு நிலவிய அச்சட்டத்தை 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தொகுப்புச் சட்டம் தன்னுள் அடக்கிக்கொண்டது.

சட்டம் நூலில் இருப்பது வேறு. கொட்டகைக்குள் நுழைவது வேறு. 1948ஆம் ஆண்டுச் சட்டம், பொறி இயங்கும் இடமாயின் பத்துப் பேரும், பொறி இல்லையெனின் இருபது பேரும் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை எனக் கொண்டது. ஒரு கொட்டகையை நான்காகத் தடுத்து, நான்கு பெயரில் கணக்கு வைத்தால் சட்டம் வாயிலில் நின்றுவிடும். தீப்பெட்டித் தொழிலிற் சிலர் அவ்வாறே செய்தனர்.

நான் 1980களில் சாத்தூர் வட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாகச் சேர்ந்தேன். விடியுமுன் நான்கு மணியளவில் ஊர் மந்தையில் பேருந்து வந்து நின்று ஒலி எழுப்பும். தாய்மார், தூங்கும் குழந்தைகளைத் தோளிற் சாய்த்துக்கொண்டு வந்து ஏற்றுவர். அது திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரமாயிருக்கும். என் வகுப்பில் நாற்பது பெயர் பதிவேட்டில் இருக்கும். இருபத்திரண்டு பேர் எதிரில் இருப்பர். பெற்றோரிடம் சென்று பேசினேன். மழை பொய்த்த ஊரில் அக்கூலியும் இல்லையெனின் என் செய்வது என்று அவர்கள் கேட்டனர். என்னிடம் விடை இல்லை. கூலியை உயர்த்திக் கேட்கப் பெரியவர் சிலர் முயன்றதுண்டு. அவ்வாறு கேட்கும் பெரியவரை விட்டு, கேளாத குழந்தையைச் சேர்த்துக்கொள்வது எளிதாக இருந்தது. பௌ நகரத்துப் பெண்கள் எழுந்து நின்றனர். எட்டு வயதுக் குழந்தை எவ்வாறு சங்கம் அமைக்கும்?

அக்குழந்தைகளுக்காக எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் உச்சநீதிமன்றத்திற்குச் சென்றார். 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பு வந்தது. இடர் மிகுந்த தொழிலிற் குழந்தையை அமர்த்தியவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அது குழந்தையின் நலநிதியாக வேண்டும். இயன்றவரை அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவர்க்கு வேலை தர வேண்டும் என நீதிமன்றம் பணித்தது. பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விக்கு அக்கடைசிப் பகுதியில் ஒரு விடை இருந்தது.

அதற்கடுத்த ஜூன் மாதம் எங்கள் பள்ளிக்குத் திரும்பியவருள் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மரச்சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்கிச் சட்டக் கணக்கிற் கூலி வாங்கியவளாதலின், வாய்க்கணக்கில் அவளை வெல்வார் வகுப்பில் ஒருவரும் இல்லை. எழுத்துத்தான் பாதி மறந்திருந்தது. நண்பகல் மணி அடித்ததும் மற்றவர் விளையாட ஓடுவர். அவள் மட்டும் விரைந்து உண்டுவிட்டு, உடனே வந்து தன் இடத்தில் அமர்ந்துவிடுவாள். உணவு வேளை ஒரு மணி நேரம் என்பதை அவளுக்குப் பழக்க எங்களுக்குச் சில வாரம் ஆயிற்று.